டிரிப்ஸா, தோலுக்கடியிலா, மஜ்ஜை மாற்றா: கடலூரிலிருந்து ஒரு தாய்மாமனின் கணக்கு

என் அக்கா மகனுக்கு எட்டு வயது, எடை 22 கிலோ. மூன்று வயதிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை அவனுக்கு இம்யூனோகுளோபுலின் ஏறுகிறது. நோயை எதிர்க்கும் அந்தப் புரதத்தை அவன் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, அதனால் ஊரார் ரத்தத்திலிருந்து எடுத்ததை வாங்கி அவனுக்குக் கொடுக்கிறோம். போன மாதம் திருப்பாப்புலியூரிலிருந்து ஒரு தம்பதி வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பையனுக்கும் இதே நோய் என்று சொல்லியாகிவிட்டது, மேற்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றலாம், வாராவாரம் வீட்டிலேயே தோலுக்கடியில் போடலாம், எலும்பு மஜ்ஜையை மாற்றிவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். இது எதுவுமே வேண்டாம், காய்ச்சல் வரும்போது ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டால் போதும் என்று சொந்தத்தில் ஒருவர் வேறு. அன்று ராத்திரி அவர்களோடு பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஐந்து வருடமாக அக்காவோடு டே கேர் வார்டில் உட்கார்ந்து பார்த்தவன், கேட்டவன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். "எதிர்ப்பு சக்தி குறைபாடு" என்று சொன்னதும் அக்கம்பக்கத்தில் எய்ட்ஸா என்று கேட்பார்கள். எய்ட்ஸ் வெளியிலிருந்து வரும் ஒரு வைரஸால் வருவது. இது பிறவியிலேயே மரபணுவில் இருக்கிற குறை, யாரிடமிருந்தும் ஒட்டாது, யாருக்கும் ஒட்டவும் செய்யாது. எங்கள் பையனின் பள்ளிக்கூடத்தில் இதை இரண்டு தடவை போய் விளக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை டாக்டரிடம் ஒரு கடிதமாகவே வாங்கிக்கொண்டு போனோம், அதற்கப்புறம் பேச்சு நின்றது.

அடுத்தது நோயின் பெயர். பிறவி எதிர்ப்பு சக்திக் குறை என்ற இந்த நோய்க் குடும்பத்தில் 450-க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு வெறும் செலவு. பையனுக்கு எந்தக் குறை என்று எழுத்தில் வருகிற வரைக்கும் எந்த வழி நல்லது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. அவர்களிடமும் இதைத்தான் முதலில் கேட்டேன், "டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன பேர் போட்டிருக்கிறார்கள்?" என்று.

எங்கள் பையனுக்கு இருப்பதன் பெயர் எக்ஸ்-லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா. இதை 1952-ல் புரூட்டன் என்ற அமெரிக்க டாக்டர் முதலில் எழுதினார். அவர் பார்த்ததும் ஒரு எட்டு வயதுப் பையனைத்தான், திரும்பத் திரும்பத் தொற்று, ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற அந்த எதிர்ப்புப் புரதமே இல்லை. பிடிகே என்ற ஒரு மரபணு பழுது என்பது 1993-ல் தெரிந்தது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் அம்மா வழியாகப் பையனுக்கு வரும், சுமக்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் அம்மாவின் தம்பி நாலு வயதில் நெஞ்சுச் சளியில் போய்விட்டான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கதையை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை, அவராகக் கேட்டபோதுதான் அம்மா சொன்னார். அக்காவுக்கும் எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கிறது. எனக்கு வரவில்லை, அதனால் என் பிள்ளைகளுக்கு என் வழியாகப் போகாது. அக்கா சுமந்தாள். உங்கள் வீட்டில் அம்மா வழியில் சின்ன வயதிலேயே தவறிப்போன ஆண் பிள்ளை யாராவது இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கேட்கிற வரை காத்திருக்க வேண்டாம்.

பையனுக்கு ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, அம்மாவின் எதிர்ப்புப் புரதம் பிள்ளை ரத்தத்தில் அதுவரைக்கும் ஓடும். அப்புறம் காதில் சீழ், மூக்குச்சளி, ஒரே வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர், ஒவ்வொருவரும் அந்தத் தடவை வந்ததை மட்டும் சரி செய்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் அம்மா அவன் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "டான்சிலே இல்லையே" என்றார். எதிர்ப்புப் புரதத்தின் வகைகளான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றையும் அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வயதில் பல நூறு இருக்க வேண்டிய ஐஜிஜி நூறுக்கும் கீழே இருந்தது. அப்புறம் அந்தப் புரதத்தைச் செய்கிற வெள்ளை அணுவான பி செல்லின் எண்ணிக்கை, அதற்கப்புறம் மரபணு சோதனை.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் என்ற யோசனையை முதலில் முடித்துவிடலாம். எங்கள் பையனுக்கு இருப்பது மாதிரியான நோயில் அது போதாது. ஒவ்வொரு நிமோனியாவும் ஆறிப்போன மாதிரி தெரியும், ஆனால் நுரையீரலில் மூச்சுக்குழாய் விரிந்து தளர்ந்துவிட்டால் அது திரும்பச் சுருங்காது, அங்கே சளி தேங்கும், தேங்கிய சளியில் அடுத்த தொற்று. மூன்று வருடம் நாங்கள் தெரியாமல் அப்படித்தான் ஓட்டினோம், அதன் தடம் அவனுடைய சிடி ஸ்கேனில் இடது பக்கம் கீழே இன்னும் இருக்கிறது. ஆனால் இதே நோய்க் குடும்பத்தில் க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ் என்று ஒன்று உண்டு, அதில் எதிர்ப்புப் புரதம் இருக்கும், கிருமியை விழுங்குகிற வெள்ளை அணுவுக்கு அதைக் கொல்லத்தான் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் செப்ட்ரான் என்ற ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கு இட்ராகோனசோலும்தான் அன்றாடக் கவசம், வழக்கமாக அவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதில்லை. ஐஜிஏ மட்டும் குறைவாக இருப்பவர்கள் பலருக்கு எந்த மருந்துமே தேவைப்படாது. பெயர் முக்கியம் என்று சொன்னது இதனால்தான். கபசுரக் குடிநீர், சக்தி மாவு எல்லாம் பாசத்தோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். புரதம் செய்கிற பி செல்லே இல்லாத உடம்பில் அவற்றால் அதை உண்டாக்க முடியாது.

மஜ்ஜை மாற்று. இதில் நோயைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும். எஸ்சிஐடி என்று ஒன்று இருக்கிறது, டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவும் இல்லாத கடுமையான வகை, அந்தக் குழந்தை மாற்று இல்லாமல் பெரும்பாலும் முதல் பிறந்தநாள், இரண்டாவது பிறந்தநாள் தாண்டாது. அங்கே ஒப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றரை மாதத்துக்குள், தொற்று வருவதற்கு முன்னால் மாற்று நடந்த குழந்தைகள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பிழைத்ததாக வெளிநாட்டு அனுபவம் சொல்கிறது. அதனால் கைக்குழந்தைக்கு வாயில் வெள்ளை ஆறவே இல்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை ஏறவில்லை என்றால் சாதாரண ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளை அணு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊரிலும் கிடைக்கிற மலிவான பரிசோதனை அது. நம் நாட்டில் பிறந்த உடனே பிசிஜி போட்டுவிடுகிறோம். உயிருள்ள தடுப்பூசி, சாதாரணக் குழந்தைக்கு நல்லது, எஸ்சிஐடி குழந்தைக்கு உடம்பெல்லாம் பரவும் அபாயம். முன்னால் ஒரு பிள்ளையை இழந்த வீடு என்றால், அடுத்த பிள்ளைக்குச் சோதனை முடிகிற வரை பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு மூன்றையும் நிறுத்திவைக்கலாமா என்று பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவைக்க வேண்டும்.

எங்கள் பையன் மாதிரி எதிர்ப்புப் புரதம் மட்டும் இல்லாதவர்களுக்கு மஜ்ஜை மாற்று வழக்கமான சிகிச்சை இல்லை. அக்கா வீட்டுக்காரர் ஒரு காலத்தில் நிலத்தை விற்றாவது செய்துவிடலாம் என்று நின்றார். அவர் தவிப்பு எனக்குப் புரிந்தது. மாதாமாதம் ஊசி குத்துவதைப் பார்க்கிற அப்பனுக்கு ஒரே தடவையில் முடிகிற எதுவும் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் மாற்றுக்கு முன்னால் கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும், கூடப் பிறந்தவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான், வந்த அணுக்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம், பின்னாளில் குழந்தைப் பேறு பாதிக்கலாம், பல மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்து இருக்க வேண்டும். புரதத்தைக் கொடுத்தால் நன்றாக வளர்கிற பிள்ளையை அந்த அபாயத்துக்குள் கொண்டுபோக டாக்டர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம், இன்றைக்கும் அதே முடிவுதான்.

ஆக மீதி இரண்டு, டிரிப்ஸ் வழியும் தோலடி வழியும். உண்மையான தேர்வு இங்கேதான்.

மருந்து இரண்டிலும் ஒன்றுதான், ஆயிரக்கணக்கான ரத்த தானக்காரர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஐஜிஜி. எங்கேயோ யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். வருடத்துக்கு மூன்று தடவை நானும் கொடுக்கிறேன். உள்ளே போன ஐஜிஜி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகும், அதனால்தான் மூன்று அல்லது நாலு வாரக் கணக்கு. கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு. பையனின் 22 கிலோவுக்கு 10 கிராம், அதாவது 5 கிராம் குப்பி இரண்டு. ஐந்து சதவீத மருந்தில் அது 200 மில்லி, மெதுவாக ஏற்றினால் மூன்று நாலு மணி நேரம். அடுத்த தடவை ஏற்றுவதற்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். டெசிலிட்டருக்குக் குறைந்தது 500 மில்லிகிராம் என்பார்கள், நுரையீரலில் தழும்பு இருப்பதால் எங்கள் டாக்டர் 800-க்கு மேல் வைக்கப் பார்க்கிறார்.

டிரிப்ஸ் வழியில் வருடத்துக்கு 13 நாள் போகும். நரம்பில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போடுவது, நெபுலைசர் வேண்டுமா என்று பார்ப்பது, எடை பார்ப்பது எல்லாம் அங்கேயே நடக்கிறது. மாதம் ஒரு தடவை டாக்டர் கண்ணில் பிள்ளை படுகிறான், இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை, ஏனென்றால் அவன் மூட்டு வீங்கியதை நாங்கள் விளையாட்டில் விழுந்தது என்று விட்டுவிட்டோம், அங்கேதான் பிடித்தார்கள். கெட்டதும் உண்டு. முதல் தடவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரத்தில் வேகமாக ஓடவிட்டுவிட்டார்கள், பையன் நடுங்கி, தலைவலி என்று அழுது, வாந்தி எடுத்துவிட்டான். நிறுத்தி, மெதுவாகத் தொடங்கினதும் அடங்கியது. அதிலிருந்து முந்தின நாளே நிறையத் தண்ணீர் குடிக்க வைப்போம், அரை மணி முன்னால் பாரசிட்டமால், முதல் அரை மணி நேரம் சொட்டு எண்ணிக்கையை நானே நின்று பார்ப்பேன். கடையில் கம்பெனியை மாற்றிக் கொடுத்தால் வாங்காமல் முதலில் டாக்டரிடம் கேட்கிறேன், ஒரு கம்பெனி ஒத்துக்கொண்ட உடம்புக்கு இன்னொன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இன்னொரு குறை, நாலாவது வாரம் அவன் சோர்ந்துவிடுவான், மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும், அளவு இறங்குவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தோலடி வழியில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. மாதத்து 10 கிராமை வாரம் இரண்டரை கிராமாகப் பிரித்தால், 20 சதவீத மருந்தில் சுமார் 12 மில்லி. தொடையில் ஒரு இடம், வயிற்றில் ஒரு இடம், சின்ன பம்பிலோ கையாலேயே சிரிஞ்சை மெல்லத் தள்ளியோ ஒரு மணி நேரத்துக்குள் போடலாம். உடம்பு முழுக்கக் காய்ச்சல், நடுக்கம் வருவது குறைவு, போட்ட இடம் மட்டும் சிவந்து புடைத்து ஓரிரு நாளில் அமுங்கிவிடும். நரம்பு கிடைக்காத பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. புதுசு என்று நினைக்கிறோம், ஆனால் 1952-ல் புரூட்டன் அந்தப் பையனுக்குத் தோலுக்கடியில்தான் கொடுத்தார், நரம்பு வழி வந்தது அதற்கு எவ்வளவோ பின்னால்.

இன்னொரு பக்கம், வருடத்துக்கு 13 நாளாக இருந்தது 52 ஆகிறது, இரண்டு இடம் என்றால் 104 குத்தல். குத்தப்போவது அக்கா. முதல் சில தடவை ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் முன்னால் செய்து பழக வேண்டும், வீட்டில் ஒவ்வாமைக்கான ஊசி மருந்து வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு குப்பியின் பேட்ச் நம்பர் ஸ்டிக்கரையும் நோட்டில் ஒட்டிவைக்க வேண்டும். மருந்தும் எந்தக் கடையிலும் நினைத்தவுடன் வாங்குகிற பொருள் இல்லை, முன்கூட்டியே ஏற்பாடு செய்து, நின்றுபோனால் என்ன செய்வது என்றும் யோசித்துவைக்க வேண்டும்.

அப்புறம் நம் ஊர் வெயிலும் புயலும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. சில தயாரிப்புகளை 25 டிகிரி வரை வெளியில் வைக்கலாம், ஆனால் கடலூரில் மே மாதம் எந்த வீட்டு அறை 25 டிகிரியில் இருக்கிறது? 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு மாதத்து மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கும்போது அப்படி ஒன்று வந்தால் அவ்வளவும் வீண். அதே சமயம் 2024 ஃபெஞ்சல் புயலில் நேர் எதிராகப் பட்டோம். சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடலூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற புதுச்சேரி பஸ் நின்றுவிட்டது, அந்த வாரம்தான் பையனுக்குத் தேதி. ஏழு நாள் தள்ளிப்போனது, ஒன்பதாவது நாள் காதில் சீழ். அன்றைக்கு வீட்டில் மருந்து இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று அக்கா இன்னும் சொல்கிறாள், அவள் சொல்வதும் சரிதான். இரண்டு பக்கமும் நம் கடற்கரை ஊருக்கு ஆபத்து இருக்கிறது. இப்போது ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் டாக்டரிடம் பேசி மூன்று வாரத்துக்கு ஒன்றாக நெருக்கிவைத்துவிடுகிறோம், ஒரு வாரம் தவறினாலும் நாலு வாரத்தைத் தாண்டாது.

செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள், கிராம் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளை வளர வளர ஏறும், 40 கிலோ ஆனால் 20 கிராம். டிரிப்ஸில் பயணமும் ஒரு நாள் கூலியும் சேரும், தோலடியில் பம்பும் ஊசியும் சேரும். குப்பி விலை கம்பெனிக்குக் கம்பெனி ஆயிரக்கணக்கில் மாறும். கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கம், மத்திய அரசு நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டு முகவரியோடும் போகலாம், இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையையும் கேட்டு வையுங்கள். எஸ்சிஐடி, க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ் இரண்டுக்கும் மஜ்ஜை மாற்று அதன் முதல் பிரிவில் இருக்கிறது, எங்கள் பையனுடைய வகைக்கான இம்யூனோகுளோபுலின் இரண்டாவது பிரிவில். உதவி உச்சவரம்பை 2022-ல் 50 லட்சமாக ஆக்கினார்கள். விண்ணப்பம் குறிப்பிட்ட மையங்கள் வழியாகத்தான் போகும், நமக்குக் கிட்டத்தில் இருப்பது சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. மரபணு முடிவு கையில் இல்லாமல் போனால் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

எந்த வழியில் போனாலும் மாறாத சில விஷயங்களை அந்தத் தம்பதி எழுதியே வாங்கிக்கொண்டார்கள். பையனுக்கும் வீட்டில் கூட இருக்கிற குழந்தைகளுக்கும் போலியோ சொட்டு வேண்டாம், ஊசிதான். சொட்டு போட்ட குழந்தையின் மலத்தில் அந்த வைரஸ் வரும், எங்கள் பையன் மாதிரி பிள்ளைகளின் குடலில் அது போகாமல் மாதக்கணக்கில் தங்கிவிடலாம். தண்ணீர் கொதிக்கவைத்துத்தான். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து டெங்கு, டைபாய்டு என்று பார்க்கும்போது, ஆன்டிபாடி சோதனைகளை நம்ப முடியாது, தானக்காரர்களின் ஆன்டிபாடி அவன் ரத்தத்தில் ஓடுவதால் இல்லாததை இருக்கிறது என்று காட்டலாம். கிருமியையே நேராகத் தேடுகிற சோதனைகளை, டெங்குக்கு என்எஸ்1, டைபாய்டுக்கு கல்ச்சர் என்று கேட்க வேண்டும். இதைத் தெரியாத இடத்தில் அட்மிட் ஆனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் கடைசியில் "நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?" என்று நேராகவே கேட்டார்கள். முதல் ஒரு வருடம் டிரிப்ஸ் என்றேன். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு அளவு நிற்கிறது, எந்தக் கம்பெனி ஒத்துக்கொள்கிறது, வேறு என்ன சிக்கல் இருக்கிறது என்பதெல்லாம் அந்த 13 நாளில் தெரிந்துவிடும். அதற்குள் நரம்பு கிடைப்பது கஷ்டமானாலோ, நாலாவது வாரச் சோர்வு போகவில்லை என்றாலோ, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் மாதம் ஒரு நாள் லீவு கிடைக்காவிட்டாலோ தோலடிக்கு மாறலாம், ஆனால் வீட்டில் இரண்டு பேராவது குத்தப் பழகியிருந்தால் மட்டும். ஒருவர் மட்டும் பழகினால் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் பிள்ளைக்கு மருந்து நின்றுவிடும். இரண்டு வழியும் நல்ல வழிதான், தேதி தவறுவதுதான் பிள்ளையைப் படுக்கவைக்கிறது. அதனால் உங்கள் வீட்டில் எது தவறாமல் நடக்குமோ அதை எடுங்கள் என்றேன்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு திரும்ப வந்திருக்கிறது. வருகிற தை மாதம் தோலடிக்கு மாறலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அக்கா தயார். நானும் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன், அதற்காக இரண்டு வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பையன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான், சனிக்கிழமை வேண்டாமாம், அன்றைக்கு சில்வர் பீச்சில் கிரிக்கெட் இருக்கிறதாம்.